தொண்டைக்கு மட்டும்தான் ஆபரேஷன்

பிப்ரவரி 6

வாலு,

உங்க அண்ணன் நேத்து உனக்கு ஒரு கடிதம் எழுதி, தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே குடுத்தார். பிரிச்சுப் படிச்சேன். முழுக்க 'நடக்கக் கூடாதது நடந்துடுச்சு', 'எப்படிச் சொல்றதுனே தெரியல'ன்னு புலம்பல். அதைப் படிச்சா நான் போய்ச் சேர்ந்துட்டேன்னே நீ முடிவு பண்ணிடுவே. கிழிச்சுப் போட்டுட்டு நானே எழுதறேன். கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒரு விஷயத்தை இந்த லட்சணத்துல சொன்னா, பிள்ளைங்க எப்படித்தான் பாஸ் பண்றாங்களோ.

விஷயம் இதுதான். கொஞ்ச மாசமா என் குரல் கம்மியிருந்துச்சு இல்லையா? நாள் முழுக்கக் கார்ல உக்காந்து "கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க!"ன்னு கத்தறவளுக்குத் தொண்டை கட்டாம என்ன பண்ணும்னு நானும் விட்டுட்டேன். போன மாசம் தண்ணி முழுங்கவே வலிச்சுது. டாக்டரம்மா மூக்கு வழியா ஒரு மெல்லிசுக் குழாயை விட்டுப் பார்த்தாங்க. குரல்வளையில கட்டி. கிள்ளி எடுத்துச் சோதிச்சாங்க. புற்றுநோய்தான். குரல்வளையை முழுசா எடுத்துட்டா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்காம். ஆனா பேச்சு போயிடும். மூச்சு இனிமே கழுத்துல போடற ஒரு துளை வழியா.

படிச்சிட்டியா? போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வா. நான் எங்கயும் போகல.

பயமே இல்லைன்னு சொன்னா பொய். வெளியில வந்து காரை எடுத்து, ரெண்டாவது கியர் போடறதுக்குள்ள கொஞ்சம் தெளிஞ்சுட்டேன். என்கிட்ட கார் கத்துக்க வர்றவங்க எப்படி முதல் நாளே ரோட்டுல ஓட்டறாங்க சொல்லு? பக்கத்துல இருக்கறவ காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குன்னு தெரிஞ்சுதானே. எனக்கும் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்கார். இத்தனை வருஷமா தினம் காலையில அவர்கிட்ட வேண்டிக்கிட்டுத்தானே வண்டியை எடுக்கறேன்.

மார்ச்ல ஆபரேஷன். நீ கிளம்பி வராதே. உன் வேலையைப் பாரு.

அண்ணி

பிப்ரவரி 18

அண்ணி,

படகு காலையில வந்துச்சு. உங்க கடிதத்தைப் பலூன் கொட்டகையிலயே நின்னு படிச்சேன். இந்தத் தீவு வானிலை நிலையத்துல நானும் ரேடியோக்காரரும் மட்டும்தான்னு உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில வாயு அடைச்ச பலூன்ல கருவிப் பெட்டியைக் கட்டி மேல விடணும். மேல போகப் போக, காத்து எப்படி, குளிர் எவ்வளவுன்னு அது சொல்லிட்டே போகும். இன்னைக்கு நேரம் தப்பிப்போச்சு. நான் இங்க வந்ததுலேர்ந்து இது முதல் தடவை. தலைமை அலுவலகம் காரணம் கேட்டுச்சு. 'கவனக்குறைவு'ன்னு பதில் அனுப்பினேன்.

நான் ராஜினாமா எழுதிட்டேன். அடுத்த படகுல அனுப்பறேன். மாத்து ஆள் வந்ததும் கிளம்பிடுவேன். சண்டை போடாதீங்க.

எனக்கு இன்னைக்குப் பூரா என்ன ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு தெரியுமா? ஆறாம் வகுப்புல ஓட்டப்பந்தயம். நீங்க நம்ம வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. அம்மாவும் அப்பாவும் கௌரவமா நாற்காலியில உக்காந்திருந்தாங்க. நீங்க வேலிமேல ஏறி நின்னு, "ஓடுடி வாலு, பின்னாடி பார்க்காதே!"ன்னு ஒரு சத்தம் போட்டீங்க. மைதானமே திரும்பிப் பார்த்துச்சு. பக்கத்துக் கோட்டுல ஓடினவ பயந்து நின்னே போயிட்டா. அவமானத்துல ஒரு வாரம் உங்ககூட நான் பேசல. அன்னையிலேர்ந்து பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு வாலுன்னே பேர்.

அந்தச் சத்தத்தை எடுத்துடப் போறாங்களா?

உங்களுக்கு ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்கார்னு சொல்றீங்க. இருந்தா நல்லது. அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நானும் அவரை ராப்பகலா கூப்பிட்டேன். பதில் இல்ல. அதுக்கப்புறம் கூப்பிடறதை விட்டுட்டேன். அதனால எனக்கு வேண்டிக்கத் தெரியாது. வந்து பக்கத்துல உக்காரத்தான் தெரியும்.

வாலு

மார்ச் 3

வாலு,

அந்த ராஜினாமாவைக் கிழி. கிழிச்சிட்டு மேல படி.

நீ வந்து என்ன பண்ணுவே? அழுவே. உங்க அண்ணன் ஏற்கெனவே குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதுட்டிருக்கார், சத்தம் கேக்காதுன்னு நினைப்பு. தண்ணித் தொட்டி காலியாகுது. ரெண்டு பேரைத் தேத்திட்டு நான் எப்ப ஆபரேஷனுக்குப் போறது? அந்தத் தீவு வேலைக்காக எத்தனை பரீட்சை எழுதினே. உன்னைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டது யாரு? கார் ஓட்டிக்கிட்டே கேள்வி கேட்டு, சிக்னலைக்கூடப் பார்க்காம ஒரு தடவை போலீஸ்காரர்கிட்ட திட்டு வாங்கினது யாரு? அதையெல்லாம் கடல்ல போடப் பார்க்கறியே. அந்த ரேடியோக்காரரையும் தனியா விட்டுட்டு வரணும். நல்லா இருக்கு நியாயம்.

நீ வேண்டிக்க வேண்டாம். உன் பங்கையும் சேர்த்து நானே கேட்டுக்கறேன். அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். அத்தைக்காக நானும்தான் கேட்டேன், வாலு. எனக்கும் பதில் வரல. ஆனா அத்தை கடைசி வாரத்துல ஒரு நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அந்தச் சுவர் ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க பாரு, அந்தச் சிரிப்பை யார் குடுத்தாங்கன்னு நான் நினைச்சுப் பார்த்திருக்கேன்.

சுவர் கதை உனக்கு அரைகுறையாத்தான் தெரியும். நீ காலேஜ் விடுதியில இருந்தே. அத்தை திடீர்னு ஒரு நாள் எனக்கும் கார் கத்துக் குடுன்னாங்க. நான் கத்தாம சொல்லிக் குடுத்த ஒரே ஆள் அவங்கதான். மாமியாரைப் பார்த்துக் கத்த முடியுமா? "கொஞ்சம் இடது பக்கம் திருப்பினா நல்லா இருக்கும் அத்தை"ன்னு மரியாதையா சொல்லி முடிக்கறதுக்குள்ள கார் நம்ம வீட்டுச் சுற்றுச்சுவருக்குள்ள போயிடுச்சு. செங்கல் பொலபொலன்னு விழுந்துச்சு. மாமா பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டே வெளியில வந்தார். சுவரைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். "பரவாயில்ல, எனக்கும் அந்த இடத்துல ஒரு வழி வேணும்னு தோணிட்டுத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். இப்ப நம்ம பக்கவாட்டு கேட் இருக்கே, அப்படி வந்ததுதான் அது.

இந்த மாதிரி மனுஷங்களோட இருந்துட்டு நான் எதுக்குப் பயப்படணும்?

இருபதாம் தேதி ஆபரேஷன். தையல் பிரிச்சதும், வேற எங்கயாவது பரவியிருக்கான்னு ரிப்போர்ட் வரும். ஆபரேஷன் தொண்டைக்கு மட்டும்தான். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்.

அண்ணி

மார்ச் 22

அண்ணி,

கிழிச்சுட்டேன். உங்களுக்காக இல்ல. ரேடியோக்காரர் ஒரு வார்த்தைகூடத் தடுக்கல, "போயிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்"னு மட்டும் சொன்னார். அதைக் கேட்டப்புறம் போக முடியல.

இருபதாம் தேதி காலையில பலூனை விட்டேன். நேரத்துக்கு விட்டேன், அதையும் சொல்லிடறேன். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல. மழைமானியைக் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன். ரேடியோக்காரர் கருவி அறையில கண்ணை மூடி உக்காந்திருந்தார். தூங்கறார்னு நினைச்சேன். "உங்க அண்ணிக்குச் சொல்லிட்டிருக்கேன்"னார். யார்கிட்டன்னு நான் கேக்கல. பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு நானும் உக்காந்தேன். எனக்குச் சொல்ல எதுவும் வரல. ஆனா எழுந்து போகவும் தோணல.

இங்க வயர்லெஸ்ல வீட்டு விஷயம் பேசக் கூடாதுன்னு சட்டம். சாயங்காலம் வானிலைச் செய்தி வர்ற நேரத்துல, காத்து வேகத்துக்கும் கடல் நிலைக்கும் நடுவுல தலைமை அலுவலகத்து ஆள் ஒரு வரி படிச்சார்: "அண்ணி நலம். கண்ணாலேயே திட்ட ஆரம்பித்துவிட்டாள். அண்ணன்." அதே குரல்ல அடுத்த வரிக்குப் போயிட்டார். ரேடியோக்காரர் மூணு தடவை அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், சரியா கேக்கலைன்னு. அவருக்கு நல்லாவே கேட்டுச்சு.

அண்ணன் வாழ்க்கையிலேயே சுருக்கமா எழுதினது இது ஒண்ணுதான்.

தையல் பிரிச்சதும் ரிப்போர்ட் வரும்னு சொன்னீங்களே. வந்ததும் எழுதுங்க.

வாலு

ஏப்ரல் 14

வாலு,

வீட்டுக்கு வந்துட்டேன். மூக்குல போட்டிருந்த சாப்பாட்டுக் குழாயை எடுத்துட்டாங்க. முதல் நாள் வாயில ஒரு ஸ்பூன் சூப் போனப்போ அப்படியே உக்காந்து ரசிச்சேன். கழுத்துத் துளைக்கு முன்னால ஒரு மெல்லிசுத் துணி கட்டிக்கணும். குளிக்கறப்போ தண்ணி போகாம பார்த்துக்கணும். வாசனை சரியா தெரியல, அதனால உங்க அண்ணன் சமையலைத் தீய வைக்கறது தெரியாம நிம்மதியா இருக்கு.

எல்லாரும் எனக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் குடுத்திருக்காங்க. உங்க அண்ணனோட எனக்கு அதுல தினம் சண்டை. நான் "தண்ணி" ன்னு எழுத ஆரம்பிச்சா, "தண்டனையா? உனக்கா? என்ன பாவம் பண்ணினே நீ?"ன்னு கண் கலங்கறார். 'நான் இன்னும் எழுதி முடிக்கல' ன்னு ஒரு அட்டையில பெருசா எழுதி வெச்சுக்கிட்டேன். அதைத் தூக்கித் தூக்கிக் காட்டியே கை வலிக்குது.

இதுவரைக்கும் எழுதினதெல்லாம் உன்னைச் சிரிக்க வைக்க. இனிமே எழுதறது உனக்கு மட்டும்.

காலையில மாடிப்படிக்குக் கீழ நின்னு நான் சத்தமா வேண்டிக்கறது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரங்க அதைக் கேட்டுத்தான் அடுப்பே பத்த வைப்பாங்கன்னு மாமா கிண்டல் பண்ணுவார். வீட்டுக்கு வந்த மறுநாள் அங்க போய் நின்னேன். வாயைத் திறந்தேன். கழுத்துல காத்து மட்டும் புஸ்ஸுன்னு போச்சு. அறுந்துபோன போன்ல பேசற மாதிரி இருந்துச்சு. மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன், பழக்கமில்ல, பாதியில வேற எதையோ நினைச்சுட்டேன். தினம் போய் நின்னேன். அந்தப் பக்கம் யாரும் இல்லாத மாதிரியே இருந்துச்சு. நீ அத்தை விஷயத்துல எழுதினே பாரு, கூப்பிட்டேன், பதில் இல்லைன்னு. அது இதுதானான்னு நினைச்சேன். உனக்கு நான் சட்டுனு சமாதானம் சொன்னது தப்போன்னுகூடத் தோணிச்சு.

ஒரு நாள் உங்க அண்ணன் நான் அங்க நின்னு உதட்டை அசைக்கறதைப் பார்த்துட்டார். உள்ள போய் சிலேட்டைக் கொண்டு வந்தார். "எழுது. நான் படிக்கறேன்"னார். அவர் வேண்டிக்கிட்டு நான் பார்த்ததே இல்ல. எழுதிக் குடுத்தேன். வகுப்புல ஃபார்முலா படிக்கற மாதிரி நிமிர்ந்து நின்னு படிச்சார். "நல்ல தூக்கம் குடுத்ததுக்கு நன்றி. தீவுல இருக்கறவளைப் பத்திரமா வெச்சுக்கோ. இவருக்குப் பயம் போகணும்." படிச்சுட்டு என்னைப் பார்த்து, "எவருக்கு?"ன்னு கேட்டார்.

நான் அவரைக் கை காட்டினேன்.

சிலேட்டை மறுபடி முகத்துக்கு நேரா தூக்கினார். அப்புறம் மறுபடியும் படிச்சார், இந்தத் தடவை மெதுவா: "எனக்குப் பயம் போகணும்."

அன்னையிலேர்ந்து தினமும் நான் எழுதறேன், அவர் படிக்கறார். அன்னைக்கே அந்தப் பக்கம் ஆள் வந்துட்டார், வாலு. எப்படித் தெரியும்னு கேக்காதே, தெரியும். குளியலறைக் குழாயும் இப்பல்லாம் மூடியேதான் இருக்கு.

அண்ணி

மே 5

அண்ணி,

தண்டனைக் கதையை ரேடியோக்காரர்கிட்ட சொன்னேன். சிரிச்சு சிரிச்சு டீயைக் கருவிமேல கொட்டிட்டார். அண்ணன் படிச்சதைச் சொல்லல. அது எனக்கு மட்டும்னு எழுதியிருந்தீங்க.

அதைப் படிச்சிட்டுக் கடற்கரையில ரொம்ப தூரம் நடந்தேன். உங்களுக்கும் பதில் வராம இருந்துச்சுன்னு எழுதினீங்களே, அதுதான் எனக்கு ஆறுதலா இருந்துச்சு. இத்தனை வருஷமா எனக்கு மட்டும்தான் அப்படின்னு நினைச்சுட்டிருந்தேன்.

ஆனா ஒரு கோபம் இருக்கு. ரிப்போர்ட் பத்தி ஒரு வரிகூட இல்ல. சூப்புக்கு ஒரு வரி இருக்கு, சிலேட்டுக்குப் பாதிப் பக்கம் இருக்கு. நீங்க சொல்லாம விடறதைத்தான் நான் முதல்ல தேடறேன். மேகத்தைப் பார்த்து மழையைச் சொல்றவகிட்ட மறைக்க முடியாது. என்ன வந்துச்சு?

வாலு

ஜூன் 19

வாலு,

சரி, மாட்டிக்கிட்டேன்.

கழுத்துல எடுத்த நெறிகட்டிகள்ல ஒண்ணுல பரவியிருந்துச்சு. அதுக்குக் கதிர்வீச்சு குடுக்கணும்னாங்க. உனக்கு எழுதினா மறுபடி ராஜினாமா எழுதுவே. அதனால முடிச்சுட்டு எழுதலாம்னு இருந்தேன். முடிஞ்சுடுச்சு. கழுத்துத் தோல் வெயில்ல வாடின மாதிரி கறுத்துப்போச்சு, வாய் உலர்ந்துபோய் எதைத் தின்னாலும் அட்டை மாதிரி இருக்கு. நடுவுல ஒரு வாரம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியல. அந்த வாரம் நான் வேண்டிக்கலை. எழுத முடியலைன்னு கண்ணை மூடிட்டேன். உங்க அண்ணன் அவராவே ஏதோ சொல்லிட்டிருந்தார். என்ன சொன்னார்னு தெரியாது, தூங்கிட்டேன். அப்படித் தூங்கறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்.

இப்ப எழுந்து நடமாடறேன். டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னாங்க.

பேச்சுப் பயிற்சிக்குப் போறேன். காத்தை முழுங்கி, ஏப்பமா வெளியில விட்டு, அதுலயே சொல்லை உருட்டணுமாம். எனக்கு ஏப்பம் மட்டும் பிரமாதமா வருது. சொல் வரல. பயிற்சி குடுக்கற பொண்ணு, "பொறுமையா இருங்கம்மா"ன்னு சொல்றா. அந்த வார்த்தையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், ஒருத்தருக்கும் பிடிக்காதது ஏன்னு இப்ப புரியுது.

மறைச்சதுக்குத் திட்டறதா இருந்தா திட்டு. திருப்பித் திட்ட முடியாது, இதுதான் உனக்குச் சமயம்.

அண்ணி

ஜூலை 8

அண்ணி,

ரெண்டு பக்கம் திட்டி எழுதினேன். படகுக்காரர் பையை மூடறதுக்குள்ள திரும்ப வாங்கிட்டேன்.

இனிமே மறைக்காதீங்க. அவ்வளவுதான்.

அக்டோபர்ல என் முறை முடிஞ்சு மாத்து ஆள் வர்றார். காரை மறுபடி தொட்டீங்களா?

வாலு

செப்டம்பர் 12

வாலு,

தொட்டேனாவா! கேளு.

பயிற்சிப் பள்ளி முதலாளி நல்லவர்தான், ஆனா தயங்கினார். குரல் இல்லாதவ எப்படிக் கத்துக் குடுப்பான்னு போக்குவரத்து அலுவலகம் கேக்குமாம். கேட்டுச்சு. ஒரு அதிகாரி பின்சீட்ல உக்காந்து பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வேன்னார். நியாயமான ஆள். எனக்குக் கோபம் இல்ல.

ஓட்ட வந்தவர் ஒரு பேங்க் மேனேஜர், ஆபரேஷனுக்கு முன்னாடியே என்கிட்ட கத்துக்க ஆரம்பிச்சவர். ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்குக் கை வேர்க்கும். நான் டேஷ்போர்டுல ஒரு தட்டு தட்டினா வேகம் குறைக்கணும், ரெண்டு தட்டுன்னா கிளட்ச். முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். தெருவெல்லாம் ஒழுங்கா போயிட்டார். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு மேடு இருக்கே, அங்க பாதியில வண்டி நின்னுபோச்சு. பின்னாடி ஒரு லாரி வந்து ஒட்டி நின்னு ஹாரன் அடிக்குது. கார் மெல்லப் பின்னால சரியுது. மேனேஜர் என் முகத்தைப் பார்க்கறார். பழைய நானா இருந்தா அந்தத் தெருவே கேக்கற மாதிரி கத்தியிருப்பேன். அவர் பயத்துல காலை எடுத்திருப்பார். லாரிமேல போய் மோதியிருப்போம்.

என் பக்கத்து பிரேக்கை மிதிச்சு வண்டியை நிறுத்தி, மறுபடி சாவியைத் திருகச் சொல்லிக் கை காட்டினேன். உள்ளங்கையை டேஷ்போர்டுமேல பரப்பி வெச்சேன். கிளட்ச்ல கால் எப்படி எழும்பணுமோ, அப்படி மெதுவா, ரொம்ப மெதுவா கையைத் தூக்கினேன். அவர் என் கையையே பார்த்தார். கையோட அவர் காலும் எழும்பிச்சு. எஞ்சின் சத்தம் கனத்துச்சு. நான் பிரேக்கை விட்டேன். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாம மேட்டுல ஏறிடுச்சு.

மேல போய் நிறுத்தினதும் மேனேஜர் நெத்தியைத் துடைச்சுக்கிட்டு, "மேடம், முன்னெல்லாம் நீங்க கத்தற பயத்துல ரோடே கண்ணுக்குத் தெரியாது"ன்னார். பின்சீட்டு அதிகாரி, "எனக்குக் கத்துக் குடுத்தவர் தலையில குட்டுவார். அதுக்கு இது எவ்வளவோ தேவலை"ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கல. சத்தம் வராம தோள் மட்டும் குலுங்கறதைப் பார்த்து, அழறேன்னு நினைச்சு மேனேஜர் தண்ணி பாட்டிலை நீட்டறார்.

திங்கள்கிழமையிலேர்ந்து வேலைக்குப் போறேன். பேச்சுதான் இன்னும் வம்பு பண்ணுது. உன் மாத்து ஆள் அக்டோபர்ல வர்றார்னு எழுதியிருந்தே. வா. உனக்கும் அந்த மேட்டுல ஒரு பாடம் பாக்கி இருக்கு.

அண்ணி

அக்டோபர் 27, துறைமுகத்திலிருந்து

அண்ணி,

ரயில் நாளைக்குத்தான். இந்தக் கடிதத்துக்கு முன்னாடியே நான் வந்து நின்னுடுவேன். இருந்தும் எழுதறேன், நேர்ல இதை உங்ககிட்ட ஒழுங்கா சொல்ல முடியாது.

படகை விட்டு இறங்கினதும் நேரா டெலிபோன் பூத்துக்குத்தான் போனேன். அண்ணன் எடுப்பார், ரயில் நேரத்தைச் சொல்லலாம்னு நினைச்சேன். எடுத்தது வேற யாரோ. கரகரன்னு, குழாய்ல காத்து அடைச்ச மாதிரி ஒரு ஆம்பளைக் குரல். "யா...ரு?" ன்னுச்சு. "ராங் நம்பர்"னு சொல்லி வெச்சுட்டேன். மறுபடி நம்பரைச் சரியா பார்த்துச் சுத்தினேன். அதே குரல், இந்தத் தடவை கோபமா: "யாரு... ங்க... றேன்!" மறுபடியும் வெச்சுட்டு வெளியில வந்தேன்.

பெட்டியைத் தூக்கினேன். நாலு அடி வெச்சிருப்பேன். போன்ல ஒரு ஆளை இப்படி அதட்டிக் கேக்கறவங்க இந்த உலகத்துல யாரு இருக்காங்கன்னு உறைச்சுது. பெட்டியை அங்கேயே போட்டுட்டு ஓடினேன். பூத்துல வேற ஒருத்தர் பேசிட்டிருந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டி, "எங்க அண்ணி பேசறாங்க, எங்க அண்ணி பேசறாங்க"ன்னு சொன்னேன். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, வெச்சுட்டு வெளியில வந்துட்டார்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்க எடுத்தீங்க. "சொல்...லு"ன்னீங்க. தொண்டை நல்லா இருக்கற எனக்கு ஒரு வார்த்தை வரல. நீங்க காத்தை முழுங்கற சத்தம் கேட்டுச்சு. அடுத்த சொல்லுக்காக நான் காத்திருந்தேன். இந்த வருஷம் பூரா நான் அதுக்குத்தான் காத்திருந்த மாதிரி இருந்துச்சு. பின்னால அண்ணன், "யாரு, யாரு?"ன்னு கேட்டுட்டே இருந்தார். நீங்க அவரை அதட்டினீங்க: "இரு...ங்க. அவ... இன்னும்... அழுது... முடிக்கல."

உங்களுக்குத் தெரியாதது இதுதான். போனை வெச்சதும் அந்தப் பூத்துலயே கண்ணாடியில தலையைச் சாய்ச்சு நின்னேன். "ரொம்ப நன்றி"ன்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். யார்கிட்டன்னு என்னைக் கேக்காதீங்க. வெளியில காத்திருந்தவர் தனக்குச் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டு, "பரவாயில்லம்மா"ன்னார்.

வாலு